பால் நேரம்

இத்தாலியில் பிள்ளை பெற்ற பெண் வேலைக்குத் திரும்பினால், பிள்ளைக்கு ஒரு வயது நிரம்பும்வரை நாளுக்கு இரண்டு மணி நேரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவர்களுக்கு ஒரு மணி. நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் எல்லோரும் அதைப் பால் நேரம் என்றுதான் சொல்வார்கள். 2023 செப்டம்பரில் நான் என் முதல் நீள்தூர டிரையத்லானை முடித்தேன் என்றால் அது அந்த இரண்டு மணி நேரத்தால்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பலெர்மோவில் எங்கள் சனத்துக்குள் கதை வேறு விதமாகப் பரவிவிட்டது: பிடிவாதக்காரி, நெஞ்சுரம் உள்ளவள், பெற்ற உடம்போடு சாதித்தவள் என்று. நெஞ்சுரம் எங்கள் பெண்கள் எல்லோரிடமும் இருக்கிறது. அது இல்லாமல் எங்கள் அம்மாமார் இந்த ஊரில் ஒரு மாரிகாலத்தைக்கூடக் கடந்திருக்க முடியாது. அவர்களுக்குக் கிடைக்காத நேரம் எனக்குக் கிடைத்தது. எனக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான்.

போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் நேரக் கணக்கு நிற்காமல். மொத்தம் 113 கிலோமீட்டர், மைலில் 70.3. அதனால் அந்த எண்ணே போட்டியின் பெயராகிவிட்டது. எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இதன் இரட்டிப்புத்தான் முழு அயன்மேன். அது 1978இல் ஹவாயில் தொடங்கியபோது கோட்டில் நின்றவர்கள் பதினைந்து பேர், அத்தனை பேரும் ஆண்கள். அடுத்த ஆண்டு லின் லெமெயர் என்ற ஒரேயொரு பெண் இறங்கி, ஆண்களையும் சேர்த்து ஐந்தாவதாக வந்தார். கலியாணத்துக்கு முன்பு நான் குறுந்தூரப் போட்டிகள் செய்திருக்கிறேன். நீள்தூரம் ஒருநாள் செய்ய வேண்டும் என்று மனதில் கிடந்தது. பிள்ளை பிறந்த பிறகு அந்த ஆசை குறையும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குக் கூடியது.

அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்தவர்கள். 1990இல் மார்தெல்லி சட்டம் வந்து, பலரைப் போல அவர்களுக்கும் இருப்பதற்கான பத்திரம் கிடைத்தது. பலெர்மோவில் தமிழர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வீட்டுவேலை. துடைத்தல், சமைத்தல், முதியவர்களைப் பார்த்தல், பிள்ளை வளர்த்தல். அம்மா பல வருடம் மொந்தெல்லோவில் ஒரு வில்லாவில் இருந்தார். மொந்தெல்லோ என்பது பெல்லெக்ரினோ மலைக்கும் காலோ மலைக்கும் நடுவில் உள்ள வெள்ளை மணல் குடா. 1913இல் கட்டிய குளியல் மாளிகை இன்றும் கடலுக்குள் தூண்களின்மேல் நிற்கிறது. கோடையில் பாதி நகரம் அங்கேதான் கிடக்கும். அம்மா அந்தக் கடலைப் பார்த்தது யன்னல் கண்ணாடி துடைக்கும்போது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நீச்சலுடை மாட்டி, துவாய் மடித்துக் கையில் கொடுத்து அனுப்பியவர். தான் ஒருநாளும் கால் நனைக்கவில்லை. நானும் தம்பியும் அந்த நேரங்களில் பல்லரோவில், சந்தைக்கு மேலே இருந்த வீட்டில், பக்கத்து அக்காவின் கண்காணிப்பில் இருந்தோம்.

மகள் 2022 அக்டோபரில் பிறந்தாள். அம்மா பெட்டியோடு வந்து இறங்கி, முப்பத்தொரு நாளும் எங்கள் வீட்டை யாழ்ப்பாணமாக்கினார். காயச்சரக்கு அரைத்த கறி, உள்ளி, நல்லெண்ணெய், இலை போட்டு அவித்த தண்ணீரில் முழுக்கு. நொச்சி கிடைக்கவில்லை, வேப்பிலை கிடைத்தது. பால் ஊறப் பால்சுறா வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். சிசிலியில் அது இல்லாமலில்லை. பலூம்போ என்று மீன்கடைகளில் தோலுரித்து, நீட்டுத் துண்டமாக விற்பார்கள். அதுவும் சின்னச் சுறாவினம்தான். இங்கத்தைய ஆட்கள் அதை ரொட்டித்தூளில் பிரட்டிப் பொரிப்பார்கள். அம்மா மஞ்சள் போட்டு அவித்து, துணியில் வைத்துப் பிழிந்து, முள் பார்த்து உதிர்த்து, வெங்காயம், உள்ளி, பச்சைமிளகாய், கருவேப்பிலை தாளித்த சட்டியில் கொட்டி, தேங்காய்ப்பூ போட்டுக் கிளறி வறையாக்கினார். அந்த வாசனை மாடிப்படி முழுக்க நிறைந்தது. கீழ்வீட்டு சிஞ்ஞோரா கதவைத் தட்டி என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டு, ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனார். பால் ஊறியது சுறாவாலா, பிள்ளை விடாமல் குடித்ததாலா என்று நான் ஆராயவில்லை. ஒரு மாதம் ஒரு வேலையும் செய்யாமல், சூடாகச் சாப்பிட்டு, படுத்திருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெண்ணை விடுகிற வழக்கம் பெரிய செல்வம். இங்கே என்னோடு பிரசவ அறையில் இருந்த சிசிலியப் பெண்களுக்குக்கூட அது வாய்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சண்டை.

"பச்சை உடம்போட பச்சைத் தண்ணியில இறங்கப் போறியோ? பால் வத்திப்போம், பிள்ளை. உனக்கு இடுப்பு விட்டுப்போம்."

இடுப்பைப் பற்றி அம்மா சொன்னதில் உண்மை இருந்தது. பிரசவத்தில் இடுப்பின் அடித்தளத் தசைகள் இழுபட்டு நெகிழ்ந்துவிடும். வயிற்றின் நடுத்தசை இரண்டாகப் பிரிந்து, மெல்ல மெல்லத்தான் கூடும். 2019இல் பிரித்தானிய இயன்மருத்துவர்கள் மூவர் எழுதிய வழிகாட்டியில், பிள்ளை பெற்று மூன்று மாதத்துக்கு முன் ஓடவே வேண்டாம், அதற்குப் பிறகும் தசைகளைச் சோதித்துவிட்டு ஓடுங்கள் என்று இருக்கிறது. நான் ஜனவரியில் ஃபவோரித்தா பூங்காவில் முதல்முறை ஓடியபோது நூறு யார் தாண்டுவதற்குள் சிறுநீர் கசிந்தது. இதை எழுதக் கூச்சமில்லை. எத்தனையோ தாய்மார் தும்மவும் இருமவும் பயந்து, யாரிடமும் சொல்லாமல், அது பெற்றதற்குக் கொடுக்கும் விலை என்று வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். அது விலையும் இல்லை, விதியும் இல்லை. பெரும்பாலும் குணமாகக்கூடிய தசைப் பலவீனம். எனக்கு ஒரு இயன்மருத்துவர் மூச்சோடு சேர்த்து அந்தத் தசையை இழுத்துப் பிடித்து விடும் பயிற்சி கொடுத்தார். பால் கொடுக்கும்போதே செய்யலாம். பல வாரம் நான் செய்த ஒரே பயிற்சி அதுதான், கதிரையில் இருந்தபடி.

பால் வற்றும் என்ற பயம் மட்டும் தேவையில்லாதது. அளவான உடற்பயிற்சியால் பாலின் அளவும் குறையாது, பிள்ளையின் வளர்ச்சியும் குறையாது. வயிறுதான் காய்ந்துவிடக் கூடாது. பால் கொடுக்கும் உடம்புக்கே நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி மேலதிகமாக வேண்டும். சைக்கிள் அதற்கு மேலே. இதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்குப் பிடித்த பகுதி அதுதான். அன்றிலிருந்து என் சைக்கிளின் பின்பையில் எப்போதும் எள்ளுருண்டை இருந்தது.

பெப்ரவரியில் வேலைக்குத் திரும்பினேன். மதிய வேளையோடு பால் நேரத்தைச் சேர்த்து எடுக்கக் கடை முதலாளி சம்மதித்தார். மாரி முடியும்வரை நகரக் குளத்தில் நீந்தினேன். இத்தாலியில் போட்டிக்குப் போகிற எவரும் விளையாட்டு மருத்துவரிடம் போய், ஓடவிட்டு இதயத்துடிப்பு பதிந்து, மூச்சளவு பார்த்து, சிறுநீர் சோதித்து வருடாவருடம் சான்றிதழ் வாங்க வேண்டும். 1982இலிருந்து உள்ள விதி. நல்ல விதி என்பேன். பிள்ளை பெற்ற பிறகு என் இதயத்தை யாரோ ஒருவர் அக்கறையாகக் கேட்டது அந்த அறையில்தான்.

மே மாதம் கடல் இளகியதும் மொந்தெல்லோ. நான் கடையிலிருந்து சைக்கிளில் ஃபவோரித்தா வழியாகப் போவேன். மரநிழல் நீண்ட அந்தச் சாலைகள், பூர்பன் அரசன் 1799இல் வேட்டைக்காக வளைத்துப்போட்ட காடு. அதே சாலையில் 806ஆம் எண் பஸ்ஸில் அம்மாவும் பிள்ளையும் வருவார்கள். சில நாள் பஸ் என்னை முந்தும், சில நாள் நான் பஸ்ஸை முந்துவேன். யன்னலில் பிள்ளையின் கையைப் பிடித்து அம்மா ஆட்டுவது தெரியும். கடற்கரையில் குடைக்குக் கீழே முதலில் பால். மார்பு நிறைந்திருந்தால் நீந்தவே முடியாது. ஒவ்வொரு கைவீச்சுக்கும் உடையின் இறுக்கத்தில் குத்தும். பால் குடித்து அவள் கண் சொருகியதும் நான் தண்ணீரில். மிதவைக்கும் கரைக்குமாக, கரைக்கு இணையாக. ஒவ்வொரு திருப்பத்திலும் தலையைத் தூக்கி அம்மாவின் குடையைத் தேடுவேன். நீலச் சேலை தெரிந்தால் போதும். பிள்ளை அழுதால் சேலைத் தலைப்பை உயர்த்திக் காட்டுவதாக எங்களுக்குள் ஏற்பாடு.

அம்மா என்னுடைய ஆசையோடு உடன்பட்டு அங்கே வரவில்லை. பேரப்பிள்ளையின் பால் நேரம் தவறக் கூடாதென்றுதான் வந்தார். ஆனால் ஜூன் நடுவில் ஒருநாள் நான் திரும்பிப் பார்க்கும்போது, பிள்ளையின் காலை நனைக்கிறேன் என்ற சாட்டில் அவர் சேலையை முழங்கால்வரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அலைக்குள் நின்றார். பின்னால், சாலைக்கு அப்பால், அவர் வேலை செய்த வில்லாவின் யன்னல்கள். நான் நிறுத்தாமல் நீந்தினேன். கரைக்கு வந்தபோது, "தண்ணி குளிரில்லை" என்றார்.

ஞாயிறுகள் மலைக்கு. பலெர்மோத் தமிழருக்கு ஞாயிறு என்றால் பெல்லெக்ரினோ மலை, சாந்தா ரொசாலியா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வீட்டைத் துறந்து குகையில் தவமிருந்த பெண். 1624இல் நகரைக் கொள்ளைநோய் அள்ளிக்கொண்டிருந்தபோது அவளுடைய எலும்புகள் அந்த மலையில் கண்டெடுக்கப்பட்டு, ஊர்வலமாகக் கொண்டுபோனதும் நோய் நின்றது என்பது நகரத்தின் நம்பிக்கை. எங்கள் சைவச் சனமும் கத்தோலிக்கச் சனமும் ஒன்றாக ஏறுவார்கள். பலெர்மோக்காரருக்கு அது இப்போது புதினமில்லை. குகைக்குள் கோயில். பாறையில் சொட்டும் தண்ணீரைத் தகரப் பீலிகள் ஏந்திக்கொண்டு போகும். தெய்வம் மலையில் இருக்கிறது, குகையில் தண்ணீர் சொட்டுகிறது, நடந்து ஏற வேண்டும், நேர்த்தி வைக்கலாம். கதிர்காமத்துக்கும் நல்லூருக்கும் போக முடியாமல் இருந்த வருடங்களில் எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? என் சுகப்பிரசவத்துக்கு அம்மா அங்கேதான் நேர்த்தி வைத்திருந்தார்.

கல் பதித்த பழைய பாதையால் அம்மா நடப்பார். நான் வளைவு வளைவாய்ப் போகும் தார்ச்சாலையில் சைக்கிளில். பழைய பாதை சாலையைக் குறுக்கே வெட்டும் இடங்களில் சந்திப்போம். அவர் மூச்சு வாங்காமல் மந்திரம்போல் எதையோ முணுமுணுத்தபடி ஏறிக்கொண்டிருப்பார். அறுபது வயதுக்கு மேல், முழங்கால் தேய்ந்த ஒருவர் அந்த மலையை வாராவாரம் ஏறுவதை யாரும் விளையாட்டு என்று சொல்வதில்லை. நான் அதே மலையை ஏறினால் பயிற்சி என்று சொல்கிறார்கள். அம்மாவின் நடையைப் பார்த்துத்தான் நான் வேகத்தைப் பிடித்துவைக்கக் கற்றேன். அடி சிறிதாக, மூச்சு ஒழுங்காக, வளைவைப் பார்த்து மிரளாமல்.

பிறகு ஜூலை. 2023 ஜூலை 24ஆம் தேதி பலெர்மோ வானியல் ஆய்வகத்தில் 47 பாகை பதிவானது. அன்றிரவு நகரைச் சுற்றிய மலைகள் எரிந்தன. பெல்லோலாம்போ குப்பைமேடு பற்றிக்கொண்டது. மறுநாள் காலை விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடினார்கள். யன்னல் திறந்தால் புகை, மூடினால் உலை. ஒன்பது மாதப் பிள்ளை பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று கிடந்தாள். ஈரத்துணி கட்டிய கதவுக்குப் பின்னால் நான் அவளுக்குப் பால் கொடுப்பதும், அம்மா எனக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கொடுப்பதுமாக அந்த நாட்கள் போயின. என் கணவர் ஒரு உணவகத்தில் சமையல். அடுப்படியில் நின்றுவிட்டு நள்ளிரவு தாண்டி வந்து, குளித்து, விடியும்வரை பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு பல்கனிக்கும் கூடத்துக்குமாக நடப்பார். எனக்குத் தூக்கம் வேண்டும் என்பதற்காக. போட்டியை விட்டுவிடலாம் என்று அந்த வாரம் நானே சொன்னேன். "இவ்வளவு நாளும் நான் பஸ்ஸில போய் வந்தது எதுக்கு?" என்று கேட்டது அம்மா.

இரவுப் பால் நேரங்களில் கைப்பேசியில் மற்றத் தாய்மாரைத் தேடி வாசித்தேன். சோஃபி பவர் 2018இல் மோன் பிளான் மலையைச் சுற்றும் 170 கிலோமீட்டர் ஓட்டத்தின் நடுவில், இத்தாலிப் பக்கம் கூர்மாயெரில், மூன்று மாதப் பிள்ளைக்குப் பால் கொடுத்த படம் உலகம் முழுக்கப் போனது. பலர் அதைத் தாய்மையின் வீரம் என்று பகிர்ந்தார்கள். அவருடைய முறைப்பாடு வேறு. முன்பு ஒருமுறை கர்ப்பமாக இருந்தபோது தன் இடத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தர மறுத்துவிட்டார்கள் என்பது. காலில் அடிபட்டவருக்கு உள்ள சலுகை வயிற்றில் பிள்ளை உள்ளவருக்கு இல்லை. அதன் பிறகுதான் பல போட்டிகளில் விதி மாறத் தொடங்கியது. 2019 ஜனவரியில் ஜாஸ்மின் பாரிஸ் இங்கிலாந்தின் 268 மைல் ஸ்பைன் ஓட்டத்தில் ஆண்கள் எல்லோரையும் முந்தி வந்தார், வழியில் தங்குமிடங்களில் பால் எடுத்துக்கொண்டே. என் மகள் பிறந்த அதே மாதம் ஹவாயில் உலக அயன்மேன் பட்டம் வென்ற செல்சி சொடாரோவுக்கு ஒன்றரை வயதில் ஒரு மகள். இவர்களோடு என்னை ஒப்பிடவில்லை. ஆனால் இருட்டில், ஒரு பக்கம் மாற்றி மறுபக்கம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அவர்களும் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு துணையாக இருந்தது.

போட்டி ஏட்ரியாட்டிக் கரையில், செர்வியாவில். அந்த ஆண்டு மே மாத வெள்ளத்தில் எமிலியா-ரொமாஞ்ஞா மூழ்கி, செர்வியாவின் புகழ்பெற்ற உப்பளங்களும் நாசமாகியிருந்தன. உப்பளத்து வரம்புகளைப் பார்த்ததும் அம்மா ஆனையிறவு என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தொடக்கத்துக்குச் சற்று முன்வரை மகள் குடித்தாள். கூட்டத்தைச் சிறு சிறு வரிசையாகக் கடலுக்குள் விட்டார்கள். மொந்தெல்லோவின் கண்ணாடித் தண்ணீருக்குப் பழகிய எனக்கு அந்த ஆழமில்லாத, மணல் கலங்கிய கடல் அந்நியமாக இருந்தது. கண்ணுக்கு முன்னால் கை தெரியாது. மிதவையைப் பார்க்கத் தலை தூக்கும்போதெல்லாம் பழக்கத்தில் கண் கரைக்குப் போய் நீலத்தைத் தேடியது. சைக்கிள் சமதரை. பெர்தினோரோ என்ற குன்றூருக்கு ஏறுவது ஒன்றுதான் ஏற்றம். பெல்லெக்ரினோவில் பழகிய கால்களுக்கு அங்கே ஒரு பயமும் இருக்கவில்லை. என்னை முந்திப்போன பலரை நான் திரும்பக் கண்டது அந்த ஏற்றத்தில்.

கடினம் அதற்குப் பிறகு. சைக்கிளை விட்டு இறங்கும்போது மார்பு கல்லாகிவிட்டது. உடை மாற்றும் கூடாரத்தில் ஒரு மூலையில் துவாயைப் போர்த்திக்கொண்டு கையால் பிழிந்து வெளியேற்றினேன். பால் புல்லில் விழுந்தது. பிள்ளை சில நூறு மீட்டர் தூரத்தில் இருக்கிறாள், பால் மண்ணுக்குப் போகிறது என்று மனம் அடித்துக்கொண்டது. அந்த நாளில் எனக்குக் கண்ணீர் வந்தது அங்கே மட்டும்தான். பக்கத்தில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், என்னைவிட மூத்தவர், ஒன்றும் கேட்காமல் தன் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு ஓடிப்போனார்.

ஓட்டம் ஊருக்குள், பழைய உப்புக் கிட்டங்கிகளின் பக்கமாக. அம்மா அங்கே நின்றார். பிள்ளை அவருடைய இடுப்பில், அவர் கையில் ஒரு குடை. வெயிலுக்கும் மழைக்கும் இல்லாமல், எனக்கு அடையாளம் தெரிவதற்காக விரித்துப் பிடித்த குடை. கடைசி ஐந்து கிலோமீட்டர் இடுப்பு இறங்கிவிட்டது போலிருந்தது. இயன்மருத்துவர் சொன்ன மூச்சை எண்ணி, நடந்து, ஓடி, நடந்து போனேன். எல்லை நேரத்துக்கு நல்ல முன்னதாகவே முடித்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோட்டைக் கடக்க இந்தப் போட்டிகளில் அனுமதியில்லை. கூட்டத்தில் விபத்து வரும் என்பதால் வந்த விதி. அதனால் தனியாகத்தான் கடந்தேன். வேலிக்கு அப்பால் வந்து பிள்ளையை வாங்கி, கம்பளியைப் போர்த்தி, நிலத்திலேயே இருந்து பால் கொடுத்தேன். அம்மா என் காலைத் தன் மடியில் எடுத்துவைத்து, பெருவிரலிலிருந்து குதிக்கால்வரை அமத்திவிட்டார். பிள்ளை பெற்ற மாதத்தில் செய்த அதே கை.

இப்போது பல்லரோவில் காய்கறி வாங்கப் போனால், கைக்குழந்தையோடு நிற்கும் இளம் பெண்கள் மறித்துக் கேட்கிறார்கள். அக்கா, எனக்கும் ஓட ஆசை, எங்கேயிருந்து தொடங்குறது? சப்பாத்தைப் பற்றிச் சொல்வேன் என்று நினைத்துக் கேட்கிறார்கள். நான் முதலில் குடும்ப நல நிலையத்துக்குப் போகச் சொல்கிறேன். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தவை அவை. பிள்ளை பெற்றவர்களைப் பார்ப்பதும் அங்கே நடக்கும். இடுப்புத் தசையைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், வெட்கப்படாதேயுங்கள் என்கிறேன். வேலை செய்பவராக இருந்தால் பால் நேரத்தை எழுத்தில் கேட்கச் சொல்கிறேன். வீட்டுவேலை செய்பவர்களுக்குச் சட்டப்படி அந்த விடுப்பு இல்லை. எங்கள் பெண்களில் பெரும்பாலானோர் அந்த வேலையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும்போது, செவ்வாயும் வியாழனும் மதியம் அம்மா மொந்தெல்லோவில் குடையோடு இருப்பார், பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்குங்கள் என்று சொல்லி, பஸ் நேரத்தைச் சொல்கிறேன்.